மூக்குத்தி என்றால் பெண், மீசை என்றால் ஆண்

வாசகர் கேள்வி - பதில்
பதில் சொல்பவர்: காது கேளாத பிள்ளைகளுக்கு 31 வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை

‘காது கேளாத பிள்ளைக்கு முதலில் சைகை மொழி, அதைப் பிடித்துக்கொண்டு தமிழ் எழுத்து’ என்று இரண்டு இதழ்களுக்கு முன்னால் இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாராட்டு கொஞ்சம், சண்டை கொஞ்சம், மீதி எல்லாம் கேள்வி. ஐந்து கடிதங்களுக்கு இப்போது பதில்.

*

என் பையனுக்கு நாலு வயது. பிறவியிலேயே காது கேட்காது. மிஷின் மாட்டியும் பெரிய சத்தம்தான் கேட்கிறது. பயிற்சிக்குப் போகும் இடத்தில், “வீட்டில் கையால் காட்டாதீர்கள், அப்புறம் பேச்சே வராது” என்கிறார்கள். அவனோ எல்லாவற்றுக்கும் கையைத்தான் காட்டுகிறான். நான் பார்க்காததுபோலத் திரும்பிக்கொள்கிறேன். நான் செய்வது சரிதானா?
- ஒரு தாய், மணப்பாறை

திரும்பிக்கொள்ளாதீர்கள் அம்மா. அவன் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறான்.

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். கண்ணாடி முன் நின்று, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து ‘அப்பா’ என்று சொல்லுங்கள். அடுத்து ‘அம்மா’ என்று சொல்லுங்கள். வித்தியாசம் தெரிகிறதா? தெரியாது. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். நம்மைப் பார்த்து, உதட்டை வைத்தே மொழியைக் கற்றுக்கொள் என்று நாம் சொல்கிற பிள்ளைக்கு, முதல் இரண்டு வார்த்தையிலேயே இந்தக் கதி.

கையால் காட்டினால் பேச்சு வராது என்பதை நானும் என் பயிற்சிக் காலத்தில் மனப்பாடம் செய்தவள்தான். ஆனால், சைகை கற்றதால் பேச்சு நின்றுபோனது என்று காட்டும் ஆய்வு ஒன்றை இத்தனை வருடத்தில் யாரும் என் கையில் கொடுத்ததில்லை. மாறாக, காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத பிள்ளைகள், அதாவது பிறந்த நாளிலிருந்து வீட்டில் சைகை பார்த்து வளர்ந்தவர்கள், மற்ற காது கேளாத பிள்ளைகளைவிடப் படிப்பில் சராசரியாக முன்னே நிற்கிறார்கள் என்று அமெரிக்காவில் 1960களிலிருந்தே எழுதிவருகிறார்கள். அப்படிப்பட்ட வீடுகள் குறைவு. காது கேளாத பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உங்களைப் போன்ற, காது கேட்கும் வீட்டில்தான் பிறக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் சைகை தெரியாது. பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது வரை அவர்களுக்கு முழுசாக எந்த மொழியுமே கிடைப்பதில்லை. முதல் ஐந்து வருடம்தான் மூளை மொழியை அள்ளிக்கொள்கிற காலம். அது போனால் பிறகு படிப்பு, கணக்கு, நட்பு எல்லாமே மேட்டில் வண்டி இழுக்கிற மாதிரிதான்.

இப்போது அவன் காட்டுவது வீட்டுச் சைகை. டிவிக்கு ரிமோட் அழுத்துகிற கட்டைவிரல், ஆத்தாவுக்குக் காதுத் தொங்கட்டான் என்று ஏதாவது வைத்திருப்பான், இல்லையா? அதெல்லாம் நல்ல ஆரம்பம். ஆனால் ‘நாளைக்கு’, ‘ஏன்’, ‘சொன்னபடி கேட்டால்தான்’ என்பதெல்லாம் வீட்டுச் சைகையில் லேசில் வராது. அதற்கு ஒரு முழு மொழி வேண்டும். நம் நாட்டில் அதற்கு இந்திய சைகை மொழி இருக்கிறது. தில்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் வீடியோ அகராதி போட்டிருக்கிறது. 2018இல் 3,000 சொல்லோடு வந்தது, 2021இல் 10,000 ஆனது. யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம்.

ஆனாலும் வீடியோவை நம்பி உட்காராதீர்கள். உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், பக்கத்தில் காது கேளாதோர் சங்கம் எங்கே கூடுகிறது என்று கேளுங்கள். அங்கே போய், பொறுமையாகப் பழகக்கூடிய ஒரு அண்ணனையோ அக்காவையோ பிடியுங்கள். வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஒரு காபி, ஒரு இட்லித் தட்டு. பையன் அவர்களுடைய கையைப் பார்க்கும்போது அவன் முகம் எப்படி மாறுகிறது என்று நீங்களே எனக்கு எழுதுவீர்கள்.

அப்புறம், காக்ளியர் அறுவை சிகிச்சை, அதாவது காதுக்குள் கேட்கும் கருவி பொருத்துவது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்குச் செய்கிறார்கள். வைப்பதா வேண்டாமா என்பது நீங்களும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது, அதில் நான் வாய் வைக்க மாட்டேன். ஒன்று மட்டும்: வைத்தாலும் சைகையை நிறுத்தாதீர்கள். குளிக்கும்போது, தூங்கும்போது, பேட்டரி தீரும்போது அந்தக் கருவி கழன்றுவிடும். கை கழலாது.

*

நான் காது கேளாதோர் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலகையில் இருப்பதை முத்து முத்தாக எழுதிவிடுகிறார்கள். என்ன எழுதினாய் என்று கேட்டால் விழிக்கிறார்கள். ‘நேற்று நான் கடை போ’ என்றுதான் சொந்தமாக எழுத வருகிறது. இலக்கணம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
- ஓர் ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

உங்களுக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், டீச்சர். ஏனென்றால் உங்கள் இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1986இல் தென் மாவட்டம் ஒன்றில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். வாய்மொழி முறைதான். பிள்ளையின் கையை எடுத்து என் தொண்டையில் வைத்து, உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து, ‘ப’ சொல்லச் சொல்ல வேண்டும். காகிதம் ஆடினால் ‘ப’. ஒரு பெண் குழந்தையோடு ‘ப’வுக்கு மட்டும் மூன்று மாதம் செலவழித்தேன். அந்த மூன்று மாதத்தில் அவளுக்கு ‘ப’ வந்தது. ஒரு கதைகூடத் தெரியவில்லை, ஒரு காய்கறி பெயர்கூடத் தெரியவில்லை. கை ஆடினால் ஸ்கேலால் ஒரு தட்டு. நானும் தட்டியிருக்கிறேன். 1880இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் ஆசிரியர்கள் கூடி, கிட்டத்தட்ட எல்லாருமே காது கேட்பவர்கள், சைகையை வகுப்பிலிருந்து விலக்குவது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானம் கடல் தாண்டி வந்து, நூறு வருடம் கழித்து என் ஸ்கேலில் உட்கார்ந்திருந்தது. 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டுக்காரர்கள் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். நான் தட்டிய பிள்ளைகளுக்கு அப்போது கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்துவிட்டன.

என்னை மாற்றியது மாநாடு இல்லை. ஹாஸ்டல் சமையற்கட்டில் உதவிக்கு ஒரு அக்கா இருந்தார். அதே பள்ளியில் படித்தவர், காது கேட்காது. கன்னத்தில் குழி விழும், அதுவே பிள்ளைகள் அவருக்கு வைத்த சைகைப் பெயர்: கன்னத்தில் விரலை வைத்து ஒரு திருகு. ஒரு ராத்திரி விடுதிப் பொறுப்பு எனக்கு. விளக்கை அணைத்த பிறகு வராந்தா பல்புக்குக் கீழே முப்பது பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அக்கா. காக்கா வடை திருடிய கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

நமக்குத் தெரிந்த கதையில் நரி, ‘உன் குரல் இனிமை, ஒரு பாட்டுப் பாடு’ என்று கேட்கும். அதைப் பாடத்தில் வைத்து இரண்டு வருடம் நான் தோற்றிருக்கிறேன். பாட்டு என்றால் என்ன என்றே தெரியாத பிள்ளைகளிடம் பாட்டில் மயங்கிய காக்காவைச் சொன்னால் எங்கே ஏறும்? அக்காவின் நரி அப்படிக் கேட்கவில்லை. ‘உனக்கு வாயில் எத்தனை பல்?’ என்று கேட்டது. காக்கா ‘ஆ’ காட்டியது. வடை விழுந்தது. முப்பது பிள்ளைகளும் புரண்டு புரண்டு சிரித்தார்கள். ‘ப’ பெண் எழுந்து, ‘காக்காவுக்குப் பல்லே கிடையாதே?’ என்று கையால் கேட்டாள். அவள் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அக்காவின் கதையைப் பலகையில் எழுதினேன். ‘நரி காக்காவிடம் கேட்டது: உனக்கு எத்தனை பல்?’ விரல் வைத்துப் படித்தார்கள். கதை ஏற்கெனவே தலைக்குள் இருந்தது, எழுத்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அக்காவிடம் நான் சைகை கற்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். வெங்காயம் உரித்துக்கொண்டே, பாத்திரம் கழுவிக்கொண்டே நடந்த பாடம் அது. எனக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது.

சரி, உங்கள் இலக்கணக் கேள்வி. ‘நேற்று நான் கடை போ’ என்பதைப் பார்த்து நீங்கள் பிள்ளைக்கு மூளை இல்லை என்று நினைக்கவில்லை, நல்லது. அது தப்புத் தமிழ்தான், ஆனால் சரியான சைகை மொழி. சைகையில் காலத்தை முதலிலேயே சொல்லிவிடுவார்கள். ‘நேற்று’ என்று காட்டியாகிவிட்டது, பிறகு வினைச்சொல்லில் வேறு எதற்கு மறுபடி காலம் காட்ட வேண்டும்? நாம் இங்கிலீஷ் எழுதும்போது ‘தி’ எங்கே வரும், ‘ஏ’ எங்கே வரும் என்று தடுமாறுவதில்லையா, அதே கதைதான்.

ஆகவே சைகையிலேயே இருக்கும் இலக்கணத்தைப் பிடித்துத் தமிழுக்குப் பாலம் போடுங்கள். ‘கொடு’ என்ற சைகையை எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடமிருந்து உன் பக்கம் கை போனால் நான் உனக்குக் கொடுக்கிறேன். உன்னிடமிருந்து என் பக்கம் வந்தால் நீ எனக்கு. கை போய் நிற்கிற இடம்தான் தமிழில் ‘க்கு’. இதைப் பலகையில் ஒரு அம்புக்குறி போட்டு, அம்பின் நுனியில் ‘க்கு’ என்று சிவப்புச் சாக்பீஸால் எழுதினேன். ஒரு வாரத்தில் ‘அக்காவுக்கு’, ‘நாய்க்கு’, ‘டீச்சருக்கு அடி’ வரைக்கும் எழுதினார்கள். அதேபோல வேலை முடிந்துவிட்டது என்று காட்ட வினைக்குப் பின்னால் தனியாக ஒரு சைகை உண்டு. ‘சாப்பிடு’ காட்டி அதையும் சேர்த்தால் சாப்பிட்டாகிவிட்டது. அதை நம் ‘விட்டேன்’ பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்: சாப்பிட்டுவிட்டேன், போய்விட்டேன், தூங்கிவிட்டேன்.

பார்த்து எழுதுவதைக் குறைத்துவிடுங்கள். பிள்ளையைச் சைகையில் கதை சொல்லச் சொல்லி உங்கள் போனில் படம் பிடியுங்கள். அதை எல்லாரும் சேர்ந்து பார்த்து, நீங்கள் பலகையில் தமிழாக எழுதுங்கள். தன் கதை எழுத்தாக நிற்பதைப் பார்த்த பிள்ளை அதை நாலு தடவை படிக்கும். இன்னொன்று, காது கேளாதவர்களுக்கென்றே சைகை மொழி ஆசிரியர் பட்டயப் படிப்பு இப்போது இருக்கிறது. அப்படிப் படித்தவர் யாரையாவது வகுப்புக்குள் கொண்டுவர முடியுமா என்று உங்கள் தலைமை ஆசிரியரை நச்சரியுங்கள். அவர்கள் வந்தால் உங்கள் சைகையில் இருக்கும் ஓட்டை உங்களுக்குத் தெரியும். தெரிவது நல்லதுதான்.

*

தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் இருக்க, தில்லியில் செய்த சைகையை எதற்காகத் திணிக்கிறீர்கள்? இதுவும் ஒரு வகை இந்தித் திணிப்புதானே? உலகம் பூராவும் ஒரே சைகை என்றால் பரவாயில்லை.
- ஒரு வாசகர், ஈரோடு

இப்படி ஒரு கடிதம் வரும் என்று எதிர்பார்த்தேன், ஈரோட்டிலிருந்து வந்ததும் பொருத்தம்தான்!

உலகம் பூராவும் ஒரே சைகை கிடையாது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேசுவது இங்கிலீஷ்தான், ஆனால் இரண்டு நாட்டுக் காது கேளாதவர்களின் சைகை மொழியும் ஒன்றுக்கொன்று புரியாது. மறுபக்கம், இந்தியாவும் பாகிஸ்தானும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. சைகை இலக்கணமோ இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே.

இந்திய சைகை மொழி இந்தியைக் கையால் எழுதியது இல்லை. தமிழைக் கையால் எழுதியதும் இல்லை. காது கேளாத பிள்ளைகள் பள்ளி விடுதிகளிலும் சங்கங்களிலும் கூடிக் கூடித் தாங்களே வளர்த்தது. மூக்கோரம் விரல் வைத்தால், மூக்குத்தி, பெண். மீசையைத் தடவினால் ஆண். இதை எந்த அமைச்சகம் உத்தரவு போட்டுச் செய்யும்? கேள்விச் சொல் கடைசியில் வரும். ‘முகம்’ காட்டி ‘என்ன’ காட்டினால் ‘யார்’. ‘இடம்’ காட்டி ‘என்ன’ காட்டினால் ‘எங்கே’. உங்கள் தமிழுக்கும் இந்திக்கும் இல்லாத சிக்கனம்.

ஆனால் உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட மாட்டேன். 1970களில் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து மதன் வசிஷ்டா, அவரே காது கேளாதவர், தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூரு - சென்னை என்று ஊர் ஊராகச் சைகைகளைத் தொகுத்தார். இலக்கணம் பொது, சொற்கள் பல இடத்துக்கு இடம் வேறு என்பது அப்போதே தெரிந்த விஷயம். இப்போது ஒரே அகராதி, ஒரே வீடியோ என்று வரும்போது எங்கள் விடுதியில் புழங்கிய சைகைகளை இளசுகள் ‘பழசு’ என்று விட்டுவிடுகிறார்கள். கர்நாடகத்தில் சிக்கபள்ளாப்பூர் பக்கம் அலிப்பூர் என்று ஒரு கிராமம். தலைமுறை தலைமுறையாக அங்கே காது கேளாதவர்கள் அதிகம். ஊருக்கென்றே தனிச் சைகை மொழி, காது கேட்பவர்களுக்கும் அது தெரியும். அங்கேயும் நகரத்துப் பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைகள் வெளிச் சைகையைக் கொண்டுவருகிறார்கள். நான் என் மாணவர்களுக்குச் சொல்வது: அகராதிச் சைகையைக் கற்றுக்கொள், வேலைக்குப் போனால் உதவும். வராந்தா சைகையை மறக்காதே. நாமும் மேடையில் ஒரு தமிழ், வீட்டில் ஒரு தமிழ் வைத்திருக்கிறோமே!

*

எனக்கு வயது 71. பேத்திக்குக் காது கேட்காது. இந்த வயதில் சைகை கற்க முடியுமா? விரலெல்லாம் வாதம்.
- ஒரு தாத்தா, தென்காசி

முடியும் ஐயா. விரலைவிட முகம்தான் முக்கியம். புருவத்தைத் தூக்குவதும் தலையைச் சாய்ப்பதும் சைகை மொழியில் இலக்கணம். தென்காசிக்காரருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு மூன்று சைகை, பேத்தியிடமே கற்றுக்கொள்ளுங்கள். தப்பாகக் காட்டினால் அவள் சிரிப்பாள், அதற்காகவே இரண்டு தப்பு கூடச் செய்யலாம். ராத்திரி ஒரு படக்கதைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, படத்தைத் தொட்டு, சைகை காட்டி, கீழே இருக்கும் எழுத்தைத் தொடுங்கள். உங்கள் கையும் முகமும் புத்தகமும் ஒரே நேரத்தில் அவள் கண்ணில் படுகிற மாதிரி எதிரே உட்காருங்கள். அவள் புத்தகத்தைப் பார்க்கும்போது கையை ஆட்டாதீர்கள். அவளுக்கு இருப்பது ஒரு ஜோடிக் கண்தான்.

*

நான் காது கேக்காது. வயசு 24. பத்தாவது பாஸ். கம்பெனி வேலை. பேப்பர் படிக்க கொஞ்சம் புரியும் நிறைய புரியாது. பேங்க் போக தம்பி கூட வேணும். தம்பி கோவம். வெட்கம். இப்போ படிப்பு கத்துக்க முடியுமா டீச்சர்?
- ஒரு வாசகர், ஓசூர்

இந்தக் கடிதத்தைத் திருத்தாமல் போடச் சொன்னது நான்தான். அவரிடம் வாட்ஸ்அப்பில் அனுமதி கேட்டேன், கட்டைவிரல் உயர்த்தினார்.

தம்பி, உங்கள் கடிதத்தில் ஒன்பது வாக்கியம் இருக்கிறது, ஒன்பதும் எனக்குப் புரிந்தது. வெட்கப்பட வேண்டியவர்கள் உங்களைப் பத்தாவது வரை பார்த்து எழுத மட்டும் வைத்தவர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு.

முடியுமா என்றால், முடியும். 2015இல் இங்கிலாந்தின் சென்ட்ரல் லங்காஷயர் பல்கலைக்கழகத்தார் இந்தியா, கானா, உகாண்டா மூன்று நாட்டிலும் உங்களைப் போன்றவர்களுக்காக ஒரு முயற்சி தொடங்கினார்கள். வாத்தியார்களும் காது கேளாத இளைஞர்களே. வகுப்பு முழுக்கச் சைகை. அச்சடித்த பாடப் புத்தகத்தைக் கையில் திணிக்கவில்லை, வாழ்க்கையில் எதிரே வருகிற எழுத்தே பாடம். அவர்கள் கற்றது இங்கிலீஷ். தமிழுக்கும் அதே வழி செல்லும், நான் ஓய்வுக்குப் பிறகு என் வீட்டுத் திண்ணையில் பழைய மாணவர்கள் ஆறு பேரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துபார்த்தேன்.

அவர்கள் கொண்டுவந்தது கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கடை நோட்டீஸ், பேங்க் செலான். ஒருவர் செலானில் ‘தொகை’ என்ற சொல்லில் விரல் வைத்து, ‘இதில் எதற்குக் கை?’ என்று கேட்டார். அடுத்தவர் ‘கோரிக்கை’யில் கையைக் கண்டுபிடித்தார். இன்னொருவர் ‘அறிக்கை’, ‘பத்திரிகை’. காது கேட்கிற நமக்கு இது தோன்றவே தோன்றாது. ஆறு பேரும் ஒரு மாதம் எங்கே எழுத்தைப் பார்த்தாலும் கையைத் தேடினார்கள். அந்தச் சாக்கில் எத்தனை சொல் படித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்! ‘கையொப்பம்’ மட்டும்தான் உண்மையான கை என்று கடைசியில் முடிவு செய்தார்கள்.

ஓசூர்ப் பக்கம் கம்பெனிகளில் உங்களைப் போல நிறையப் பேர் இருப்பார்கள். நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடியுங்கள். தம்பியை விடுங்கள், சைகை தெரிந்தவராக இருக்க வேண்டும். வாரம் ஒரு காகிதம் போதும். தெரியாத சொல்லுக்குக் கீழே கோடு, அதற்கு என்ன சைகை என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்து, நோட்டில் சொல்லையும் பக்கத்தில் ஒரு சின்னப் படத்தையும் போட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் எனக்கு வீடியோ கால் போடுங்கள், நம்பர் உங்களிடம் இருக்கிறது.

இந்தப் பகுதியில் வரும் கேள்விக்குச் சன்மானம் உண்டு, உங்களுக்கும் 250 ரூபாய்க்குச் செக் அனுப்பியிருப்பதாக ஆசிரியர் சொல்கிறார். பேங்குக்குத் தம்பியைக் கூப்பிடாதீர்கள். செலானில் ‘தொகை எழுத்தால்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘இருநூற்று ஐம்பது ரூபாய் மட்டும்’ என்று நீங்களே எழுதி, போட்டுவிட்டு, கிழித்துத் தரும் பாதியைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள்.